அறிவிப்பாளர் யார்?

எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

நம் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. ஸுப்ஹுத் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த சிறிது நேரத்திலேயே கைகள் கைப்பேசியைத் தேடுகின்றன. இரவெல்லாம் வந்து குவிந்த செய்திகளை வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். அவற்றுள் ஒன்று, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடாதீர்கள், அது நம் சந்ததியை அழிக்கச் செய்யப்பட்ட சதி என்று அலறுகிறது. அன்று புதன்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் நாள். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறாள். “இன்றைக்கு வேண்டாம்” என்று பாட்டியார் தடுத்துவிடுகிறார். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் பெரியகுளத்திலும் ஆலிம்களிடம் இது குறித்துக் கேள்விகள் வருகின்றன. “ஹஜ்ரத், இது ஹராமா? இதனால் பிள்ளைப்பேறு அற்றுப்போகுமா?” என்று கேட்போரை விட, கேட்காமலேயே முடிவு செய்துவிடுவோர் அதிகம் என்பதே கவலைக்குரியது.

இத்தகைய செய்தியை நம்பிவிட்ட நம் உறவினர் ஒருவரை எவ்வாறு தெளிவுபடுத்துவது? மார்க்கம் இதற்கு வழிகாட்டுகிறதா? தெளிவாகவே காட்டுகிறது.

திருமறையின் 49ஆம் அத்தியாயமான அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனத்தை எண்ணிப் பாருங்கள். நம்பத்தகாத ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறும், இல்லையேல் அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்றும் அது எச்சரிக்கிறது. 4ஆம் அத்தியாயமான அந்நிஸாவின் 83ஆம் வசனமோ, அச்சத்தைப் பற்றிய செய்தியோ அமைதியைப் பற்றிய செய்தியோ வந்தவுடன் அதைப் பரப்பிவிடும் போக்கைக் கண்டிக்கிறது. ஆய்ந்தறியும் ஆற்றல் உடையோரிடம் அதைக் கொண்டுபோயிருக்க வேண்டாமா என்று இடித்துரைக்கிறது. கேட்டதையெல்லாம் பிறரிடம் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் தொகுப்பின் முன்னுரையிலேயே பதிந்துள்ளார்கள். பொய்யைப் புனைந்தவன் மட்டும் குற்றவாளி அல்லன். ஆராயாமல் கைமாற்றியவரும் பொறுப்பாளியே என்பது இதிலிருந்து விளங்கும்.

நம் முன்னோர் இந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றினார்கள்? அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பெயரால் ஒரு சொல் வந்தாலும், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தது உண்டா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது, நேர்மை எத்தகையது என்று ஒவ்வொரு கண்ணியாக ஆராய்ந்தார்கள். இதற்கு இஸ்னாத் என்று பெயர். அறிவிப்பாளர் தொடர் என்பது பொருள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஏறத்தாழ ஆறு லட்சம் அறிவிப்புகளைத் திரட்டி, திரும்ப வருவனவற்றையும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சத்தை மட்டுமே தம் ஸஹீஹில் இடம்பெறச் செய்தார்கள் என்பது வரலாறு. நபியின் பெயரால் வந்த சொல்லையே இத்தனை சல்லடையில் சலித்த சமுதாயம், பெயரும் ஊரும் இல்லாத ஒரு குரல் பதிவைச் சலிக்காமல் விழுங்கலாமா?

ஆகவே, உறவினரிடம் வாதத்தை எங்கே தொடங்க வேண்டும் என்றால், இந்தக் கேள்வியில்தான். “மாமு, இந்தச் செய்தியை உங்களுக்கு அனுப்பியவர் யார்?” என்று மரியாதையுடன் கேளுங்கள். “மச்சான் அனுப்பினார்” என்பார். “மச்சானுக்கு?” என்று கேளுங்கள். இரண்டாவது கண்ணியிலேயே தொடர் அறுந்துவிடும். “இதைப் பேசுகிற மருத்துவர் எந்த ஊர்? எந்த மருத்துவமனை? இறந்ததாகச் சொல்லும் குழந்தை எந்த மாவட்டம்?” என்று ஒன்றன்பின் ஒன்றாக, ஏளனமின்றிக் கேட்டுக்கொண்டே வாருங்கள். ஐவேளை தொழுது, ஹதீஸைக் கேட்டு வளர்ந்த பெரியவருக்கு இந்த அளவுகோல் புதியதன்று. மருத்துவப் பாடம் புரியாமல் போகலாம். தொடர் அறுந்த அறிவிப்புக்கு மதிப்பில்லை என்பது நிச்சயம் புரியும்.

அறிவிப்பாளரை ஆராய்வதால் என்ன தெரியவரும் என்பதற்கு ஒரு சான்று. தட்டம்மை முதலியவற்றுக்கான தடுப்பூசியால் குழந்தைகளுக்கு ஆட்டிசம் என்னும் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு வருகிறது என்ற பேச்சு உலகெங்கும் உலவுகிறது. அதன் மூல அறிவிப்பாளர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1998இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில், 12 குழந்தைகளை மட்டும் வைத்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் தரப்பிடம் அவர் பணம் பெற்றிருந்தது பின்னர் வெளிப்பட்டது. 2010 பிப்ரவரியில் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் மருத்துவர் பட்டியலிலிருந்தே அவர் நீக்கப்பட்டார். டென்மார்க்கில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வு, அப்படி ஒரு தொடர்பே இல்லை என்று கண்டது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் குறையை வெளிப்படுத்துவதற்கு ஜர்ஹு என்று பெயர். மருத்துவ உலகம் தன் அறிவிப்பாளருக்குச் செய்ததும் அதுவே.

சில வேளைகளில் செய்தியின் பகுதிகள் உண்மையாகவே இருக்கும். அவற்றை இணைக்கும் கயிறு மட்டும் பொய்யாக இருக்கும். நடிகர் விவேக் அவர்கள் 2021 ஏப்ரல் 15ஆம் தேதி சென்னையில் அரசு மருத்துவமனை ஒன்றில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டது. 17ஆம் தேதி அதிகாலை காலமானார். மூன்றும் உண்மை. தடுப்பூசியால்தான் இறந்தார் என்ற முடிச்சை வதந்தி போட்டது. தமிழகமெங்கும் பலர் தடுப்பூசிக்கு அஞ்சினர். அவருடைய இதயத்தின் முக்கிய இரத்தக் குழாய் முழுதும் அடைபட்டிருந்ததாக மருத்துவர்கள் அப்போதே கூறினார்கள்.  தேசிய அளவிலான நிபுணர் குழுவும் ஆராய்ந்து, மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று 2021 அக்டோபரில் முடிவு கூறியது. ஆனால் வதந்தி சென்ற வீடுகள் அனைத்துக்கும் அந்த முடிவு சென்று சேர்ந்ததா?

அதற்கு முன்னரே, 2017 பிப்ரவரி 6ஆம் தேதி தமிழகத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையிலான ஏறத்தாழ 1.76 கோடிப் பிள்ளைகளுக்குப் போடுவது நோக்கம். வாட்ஸ்அப் வதந்திகளைக் கண்டு அஞ்சிய பெற்றோர் பலர் பள்ளிகளில் ஒப்புதல் தர மறுத்தனர். பிப்ரவரிக்குள் முடிய வேண்டிய பணி மார்ச்சுக்கும் நீண்டது. மலட்டுத்தன்மை உண்டாகும் என்பதும் அன்றைய வதந்திகளுள் ஒன்று. உண்மையோ இதற்கு நேர்மாறானது. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றிலுள்ள சிசு கண் பார்வையும் செவிப்புலனும் இழந்து, இதயக் குறையுடன் பிறக்கக்கூடும். கரு கலையவும் கூடும். இன்றைய சிறுமி நாளைய தாய். அவளுடைய சந்ததியைக் காக்கும் மருந்தைச் சந்ததியை அழிக்கும் மருந்து என்று சொன்னால் அது எத்தகைய அநியாயம்!

அறியாமல் தீர்ப்புச் சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் உண்டு. ஒரு பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தண்ணீரைத் தவிர்த்துத் தயம்மும் செய்ய எனக்கு அனுமதி உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாக வருந்தினார்கள்; அவரைக் கொன்றது அவர்களே என்றும், தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றும் கண்டித்தார்கள். அப்படிச் சொன்னவர்கள் தீயவர்கள் அல்லர், மார்க்கப் பற்றுள்ளவர்கள். அந்தப் பற்று ஓர் உயிரைக் காக்கவில்லை. தடுப்பூசி வேண்டாம் என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லும் ஒவ்வொருவரும் இந்த நபிமொழியை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

இனி, பேசும் முறைக்கு வருவோம். வதந்தியை நம்பும் உறவினரை மூடர் என்று எண்ணிப் பேசத் தொடங்கினால் அங்கேயே தோற்றோம். அவருடைய அச்சத்துக்கு வேர் உண்டு. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில் வட மாநிலங்களில் ஏழைகளையும் முஸ்லிம்களையும் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு உள்ளாக்கிய கொடுமை மக்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் 2011இல் அமெரிக்க உளவுத்துறை தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் வேவு பார்த்ததும் நடந்த உண்மையே. இவற்றை மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். “அத்தா, நீங்கள் அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த அநியாயம் வேறு. நம் ஊர்ச் செவிலியர் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடும் இந்த ஊசி வேறு. அவர் தம் பிள்ளைக்கும் இதையேதான் போட்டிருக்கிறார்” என்று சொல்லுங்கள். தம் அச்சம் மதிக்கப்பட்டது என்று கண்டவர்தாம் அடுத்த சொல்லுக்குச் செவி சாய்ப்பார்.

நபி இப்றாஹீம் (அலை) அவர்கள் சிலை வணங்கும் தந்தையிடம் பேசியதைத் திருமறையின் 19ஆம் அத்தியாயம் எடுத்துக்காட்டுகிறது. என்னருமைத் தந்தையே என்ற பாசமிகு விளிப்பு நான்கு வசனங்களில் நான்கு முறை வருகிறது. ஃபிர்அவ்னிடமே மென்மையாகப் பேசும்படி மூஸா, ஹாரூன் (அலை) இருவருக்கும் கட்டளையிட்டவன் அல்லாஹ். அப்படியிருக்க, நம்மைத் தோளில் சுமந்து வளர்த்த மாமுவைக் குடும்பக் குழுவில் பலர் முன்னிலையில் பரிகசிக்கலாமா? தனியே சந்தியுங்கள். திருத்தம் இரகசியமாகவும் மரியாதை பகிரங்கமாகவும் இருக்கட்டும்.

பாட்டியாரிடம் பேசுவதற்கு இன்னோர் எளிய வழி உண்டு. “நன்னி, உங்கள் கையில் இருக்கும் இந்தத் தழும்பு எப்படி வந்தது?” என்று கேளுங்கள். “சின்ன வயதில் அம்மை குத்தினார்கள்” என்பார். அந்த அம்மைப்பாலைத் தயாரிப்பதற்கென்றே 1899இல் சென்னை கிண்டியில் கிங் நிலையம் நிறுவப்பட்டது. ஊர் ஊராய்ப் பிணங்களை அள்ளச் செய்த பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980 மே 8ஆம் தேதி உலக சுகாதாரச் சபை அறிவித்தது. அம்மை குத்தியும் நன்னிக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். பேரன் பேத்திகள் பிறந்தார்கள். அவருடைய கையே அவருக்குச் சாட்சி.

மார்க்க ரீதியாக எழும் ஐயங்கள் இரண்டு. முதலாவது, தடுப்பூசியில் ஹராமான பொருள் கலந்துள்ளதா என்பது. சில தடுப்பூசிகளில் மருந்து கெடாமல் நிலைத்திருக்க ஜெலட்டின் சேர்க்கப்படுவது உண்மை. 1995இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு கூட்டிய கருத்தரங்கில் ஃபிக்ஹு அறிஞர்களும் மருத்துவர்களும் இதை ஆராய்ந்தார்கள். ஒரு பொருள் தன் தன்மை முற்றும் மாறி வேறொரு பொருளாகிவிட்டால் பழைய சட்டம் அதற்குப் பொருந்தாது என்னும் இஸ்திஹாலா விதியின்படி, அவ்வாறு மாற்றமடைந்த ஜெலட்டின் தூய்மையானதே என்று முடிவு செய்தார்கள். இக்கருத்தில் மாறுபடுவோரும், உயிர்காக்கும் நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்ற விதியை மறுக்க இயலாது. மேலும், ஹஜ்ஜுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது சவூதி அரசின் நிபந்தனை. நம் வீட்டு ஹாஜியார் கஅபாவைக் கண்டதே அந்த ஊசியைப் போட்டுக்கொண்டுதான். தமக்கு ஆகுமானது பேரனுக்கு எப்படி ஆகாததாகும்?

இரண்டாவது ஐயம், விதியை ஊசி மாற்றுமா என்பது. உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) வினவினார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்று விடையளித்த உமர் (ரலி), ஒரு பள்ளத்தாக்கின் உவமையைக் கூறினார்கள். ஒரு பக்கம் செழிப்பு, மறுபக்கம் வறட்சி. செழித்த பக்கத்தில் ஒட்டகத்தை மேய்த்தாலும் விதிப்படியே, வறண்ட பக்கத்தில் மேய்த்தாலும் விதிப்படியே அன்றோ என்றார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இதைவிடத் தெளிவான உவமை வேண்டுமா? 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீர் வந்து இங்கே நெல்லும் திராட்சையும் விளைகின்றன. மழை அல்லாஹ்வின் விதி என்று சொல்லி நாம் மதகைத் திறக்காமல் இருக்கிறோமா?

வதந்தியின் விலையைக் குழந்தைகளே செலுத்துகிறார்கள். நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் போலியோ சொட்டு மருந்து மலட்டுத்தன்மை தரும் என்று நம்பி, 2003 ஆகஸ்டு முதல் 2004 ஜூலை வரை அதை நிறுத்தி வைத்தார்கள். அக்கிருமி ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் பரவி, 2005இல் இந்தோனேசியாவையும் எட்டி, அங்கே ஏறத்தாழ 300 குழந்தைகளை முடமாக்கியது. நம் நாட்டிலும் 2002இல் சுமார் 1,600 குழந்தைகளுக்கு இளம்பிள்ளை வாதம் கண்டது. அவர்களில் 1,200க்கும் மேற்பட்டோர் உத்தரப்பிரதேசத்தவர். முஸ்லிம் குழந்தைகளின் பங்கு அங்கே மிக அதிகம். பின்னர் இமாம்கள் பள்ளிவாசல்களில் அறிவித்தார்கள். அலிகர், ஜாமிஆ மில்லியா பல்கலைக்கழகங்கள் துணைநின்றன. 2011 ஜனவரிக்குப் பின் நாட்டில் அந்நோயின் இயற்கைக் கிருமியால் எக்குழந்தையும் பாதிக்கப்படவில்லை; 2014 மார்ச் 27ஆம் தேதி போலியோ அற்ற நாடென்ற சான்று கிடைத்தது. மலைக்கு அப்பால் கேரளத்தின் மலப்புறத்தில் 2015, 2016ஆம் ஆண்டுகளில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து, தடுப்பூசியை முழுமையாகப் போடாத பிள்ளைகளின் உயிரைக் குடித்தது.

இந்தப் பள்ளத்தாக்கின் மக்களுக்கு இதில் தனிக் கவனம் தேவை. விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிக் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் ஏலத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். மனிதர் போகுமிடமெல்லாம் நோயும் போகும். தட்டம்மை கண்ட ஒருவர், தடுப்புச் சக்தியற்ற 12 முதல் 18 பேருக்கு அதைத் தரவல்லவர். 2023இல் மட்டும் உலகில் சுமார் 1,07,500 பேர் அந்நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பெரும்பாலோர் தடுப்பூசி பெறாத, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நம் பிள்ளைக்குப் போடாமல் விடுவது, இன்னும் ஊசி போடும் வயதை எட்டாத பக்கத்து வீட்டுச் சிசுவுக்கும் செய்யும் தீங்காகும்.

எனினும், தடுப்பூசியால் எத்துன்பமும் இல்லை என்று சொல்லி வாதத்தில் வெல்ல முயலாதீர்கள். பொய்யைப் பொய்யால் திருத்த இயலாது. 6, 10, 14ஆம் வாரங்களில் போடும் ஊசிக்குப் பின் காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வருவது இயல்பு. ஓரிரு நாளில் தணியும். கடும் ஒவ்வாமை ஏறத்தாழ பத்து லட்சம் ஊசிகளில் ஒன்று என்ற அளவில் நேரலாம். அதற்காகவே அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், இரவில் குழந்தைக்கு உடல் சுட்டதும் வீடு பதறாது. பதற்றத்தில்தான் அடுத்த வதந்தி பிறக்கிறது. சொல்வதோடு நில்லாமல், அந்தப் புதன்கிழமை நீங்களும் உடன் செல்லுங்கள். ஐயங்களைச் செவிலியரிடமோ மருத்துவ அலுவலரிடமோ மாமுவே நேரில் கேட்கட்டும். அறியாதவற்றை அறிந்தோரிடம் கேட்குமாறு 16ஆம் அத்தியாயத்தின் 43ஆம் வசனம் பணிப்பதற்கு அதுவே செயல்வடிவம்.

இறுதியாக ஒன்று. 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் நிகழ்ச்சிக்குப் பின், கொரோனாவை முஸ்லிம்கள் திட்டமிட்டுப் பரப்புகிறார்கள் என்ற பழி நாடெங்கும் சுமத்தப்பட்டது. பழத்தில் உமிழ்கிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் பரவின. ஏழை வியாபாரிகளின் தள்ளுவண்டிகள் விரட்டப்பட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டு 21ஆம் தேதி பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, நிகழ்ச்சிக்கு வந்த வெளிநாட்டவர் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருதி வழக்குகளை இரத்து செய்தது. ஆராயாமல் அனுப்பிய செய்தி ஒரு சமுதாயத்தை எப்படிச் சுடும் என்பதை அனுபவித்தவர்கள் நாம். அந்தச் சூட்டை அறிந்த கை, இன்னொரு பொய்யைப் பிறருக்கு அனுப்பலாமா?

ஜமாஅத் நிர்வாகிகளும் இமாம்களும் ஜும்ஆ மேடையில் இதைப் பேச வேண்டும். இளைஞர்கள் இல்லத்தில் பொறுமையுடன் பேச வேண்டும். பெரியவர்கள் அடுத்த செய்தியை அனுப்ப விரலை எடுக்கும் முன், இதன் அறிவிப்பாளர் யார் என்று தம்மைத் தாமே ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயனுள்ள கல்வியையும், கேட்டுத் தெளியும் பணிவையும், உறவைப் பேணும் மென்மையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம் குழந்தைகளை நோய்களிலிருந்தும், நம் நாவுகளைப் பொய்யிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.